மூன்று நீலம், ஒரு பழைய வெப்கேம்

கல்லை அரைக்க ஆரம்பித்த மூன்றாம் நாள் மூக்கைச் சிந்தினேன். கைக்குட்டை முழுக்க நீலம். அரைக்கும்போது முகக்கவசம் போட்டிருந்தேன். சலிக்கும்போதுதான், இரண்டு நிமிட வேலைதானே என்று கழற்றி வைத்துவிட்டேன்.

பயப்படுவதற்கு முன்னால் சிரிப்புதான் வந்தது. ஜெர்மனியில் டால்ஹைம் என்ற ஊரில் ஒரு பழைய பெண்துறவியர் மடம் இருந்தது. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுக்கு முன் அங்கே புதைக்கப்பட்ட நடுத்தர வயதுப் பெண் ஒருவரின் பல் காரையில் நூற்றுக்கும் மேற்பட்ட நீலத் துகள்கள் கிடைத்தன. எல்லாம் லாபிஸ் லாசுலி என்ற நீலக் கல்; நான் அரைத்துக்கொண்டிருந்ததும் அதுதான். ஆய்வு வெளிவந்தது 2019இல். அவர் புத்தகங்களுக்கு ஓவியம் தீட்டியவராக இருக்கலாம், தூரிகை நுனியை நாக்கால் கூராக்கும்போது ஒட்டியிருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் சாய்ந்த பக்கம். கல்லைப் பொடி செய்யும்போது பறந்த தூசியாகவும் இருக்கலாம் என்ற சாத்தியத்தையும் அவர்கள் சொல்லியிருந்தார்கள். என் கைக்குட்டையைப் பார்த்த பிறகு நான் தூசிக் கட்சிக்கு மாறிவிட்டேன்.

இந்த வேலையில் நான் இறங்கியதற்குக் காரணம் வேறொரு புத்தகம். இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் லிண்டிஸ்ஃபார்ன் என்ற தீவு. அங்கே கி.பி. 700ஐ ஒட்டிய காலத்தில் கன்றுத்தோலில் எழுதி வண்ணம் தீட்டிய நற்செய்தி நூல் இப்போது லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. 1960 வாக்கில் அதை நுண்ணோக்கியில் பார்த்தவர்கள், சில இடங்களில் உள்ள நீலம் லாபிஸ் என்று முடிவு செய்தார்கள். லாபிஸ் என்றால் அன்றைக்கு ஆப்கானிஸ்தானின் படக்ஷான் மலைச் சுரங்கம்தான். அங்கிருந்து ஒரு குளிர்கடல் தீவுக்குக் கல் போய்ச் சேர்ந்திருக்கிறது! நல்ல கதை, எல்லோரும் திரும்பத் திரும்ப எழுதினார்கள். 2004இல் ராமன் நிறமாலை (லேசர் பட்டுச் சிதறும் ஒளியை வைத்துப் பொருளை அடையாளம் காணும் முறை) ஆய்வு முடிவு வந்தது: லாபிஸே இல்லை, நீலம் முழுக்க இண்டிகோ. டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இருக்கும், இதே மாதிரியான பழைய நற்செய்தி நூலான கெல்ஸ் புத்தகத்தை 2009இல் சோதித்தபோதும் இதே பதில்தான்.

தேர்ந்த கண்ணும் நல்ல நுண்ணோக்கியும் இருந்தவர்களே ஏமாந்திருக்கிறார்கள். அப்படியானால் கண்ணுக்கு எட்டாதது எது, அதை வீட்டில் இருக்கும் பொருளை வைத்துப் பிடிக்க முடியுமா என்று பார்க்கத் தோன்றியது.

இடைக்கால ஐரோப்பியச் சுவடிகளில் பெரும்பாலும் வருவது மூன்று நீலங்கள்: லாபிஸிலிருந்து எடுக்கும் அல்ட்ராமரைன், அசுரைட் என்ற செப்புத்தாது, அப்புறம் இண்டிகோ. இண்டிகோ நமக்கு அவுரி. ஐரோப்பாவில் வோட் என்ற வேறொரு செடியிலிருந்து எடுத்தார்கள். சாயத்தின் மூலக்கூறு ஒன்றேதான். அதனால் ராமன் கருவி "இண்டிகோ" என்று சொல்லுமே தவிர எந்தச் செடி என்று சொல்லாது. லிண்டிஸ்ஃபார்ன் துறவிகள் பக்கத்து வயலில் விளைந்ததையே பயன்படுத்தியிருக்க எல்லா வாய்ப்பும் உண்டு.

சாமான் வாங்கக் கீழமாசி வீதிப் பக்கம் போனேன். ஒரு நாட்டு மருந்துக் கடைக்குள் நின்றால் இடைக்கால ஓவியக்கூடத்தின் பாதி அலமாரி அங்கேயே இருக்கிறது. மாசிக்காய், அன்னபேதி, கருவேலம் பிசின், துருசு. மாசிக்காயும் அன்னபேதியும் சேர்ந்தால் ஐரோப்பியச் சுவடிகளின் கறுப்பு மை. இரும்பு உப்பும் காயின் துவர்ப்பும் சேர்ந்து கறுப்பதுதான் சூத்திரம். சாதிலிங்கமும் அரிதாரமும்கூடப் பழைய ஓவியர்களின் சிவப்பும் மஞ்சளும்தான். ஒன்று பாதரசம், இன்னொன்று ஆர்சனிக். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள், தொடவில்லை. ஈயச் செந்தூரத்தையும் விட்டுவிட்டேன். லத்தீனில் அதன் பெயர் மினியம். அந்தச் சிவப்பால் தலைப்பெழுத்துகளைத் தீட்டிய வேலையிலிருந்துதான் 'மினியேச்சர்' என்ற சொல்லே வந்தது. 'சிறியது' என்ற பொருள் பிற்பாடு ஒட்டிக்கொண்டது.

அவுரி நீலக் கட்டி திண்டிவனம் பக்கத்திலிருந்து வந்தது. லாபிஸும் கொஞ்சம் அசுரைட்டும் கல் வியாபாரிகளிடம் இணையத்தில் வாங்கினேன். முதலில் வந்த லாபிஸ் போலி. அசிட்டோன் நனைத்த பஞ்சால் தேய்த்ததும் பஞ்சு நீலமாகிவிட்டது. ஏதோ வெள்ளைக் கல்லுக்குச் சாயம் ஏற்றியிருந்தார்கள். இரண்டாவது முறை வந்தது நிஜக் கல்: வெள்ளை நரம்பும் தங்கப் புள்ளியும் கலந்திருந்தது. வெள்ளை கால்சைட், தங்கம் போல மினுங்குவது பைரைட். எழுதத் தோல் வேண்டுமே? தவில் கட்டுபவர் ஒருவரிடம் சுண்ணாம்பில் போட்டு மயிர் நீக்கிய ஆட்டுத்தோல் துண்டுகள் கிடைத்தன. எண்ணெய்ப் பசை போகச் சாக்பொடி தேய்த்து உப்புத்தாளால் மழித்தேன். பார்ச்மென்ட் என்று பெருமைப்பட முடியாது; நிறம் பிடித்தது, அது போதும்.

லாபிஸை வெறுமனே அரைத்தால் நீலம் வராது. எனக்கும் வரவில்லை. இரும்பு உரலில் இடித்து, கண்ணாடிப் பலகையில் நைஸாக அரைக்க அரைக்கப் பொடி வெளுத்துக்கொண்டே போனது. கடைசியில் சிமெண்ட் நிறம். இரண்டு காரணம். கூடவே அரைபடும் வெள்ளைக் கனிமம் நிறத்தைக் கொன்றுவிடுகிறது. தவிர, இந்தக் கனிம நீலங்கள் எல்லாமே துகள் சிறுக்கச் சிறுக்க வெளுக்கும். "நன்றாக அரைத்தால் நன்றாக இருக்கும்" என்று தோசை மாவு கற்றுக்கொடுத்த பாடம் இங்கே உதவாது. முதல் ஐம்பது கிராம் அப்படிப் போனது.

இதற்கான வழியை 1400ஐ ஒட்டி எழுதிய கையேட்டில் இத்தாலிய ஓவியர் சென்னினோ சென்னினி விவரமாகச் சொல்கிறார். ஒரு பவுண்டு பொடிக்கு ஆறு அவுன்ஸ் பைன் பிசின், மூன்று அவுன்ஸ் மாஸ்டிக் என்ற மரப்பிசின், மூன்று அவுன்ஸ் புதுத் தேன்மெழுகு. அந்தக் காலத்து ஃபிளாரன்ஸ் பவுண்டுக்குப் பன்னிரண்டு அவுன்ஸ்தான். ஆகக் கல்லும் பிசினும் எடைக்கு எடை. உருக்கி, பொடியைக் கலந்து, உருண்டை பிடித்து, மூன்று நாளாவது வைத்து நாள்தோறும் பிசைய வேண்டும். பிறகு சாம்பல் காரநீரில் போட்டு இரண்டு குச்சியால் அழுத்தி அழுத்திப் பிசைந்தால் நீலம் மட்டும் நீருக்குள் இறங்கும். வெள்ளையும் பைரைட்டும் மெழுகோடு தங்கிவிடும். லாபிஸுக்கு நீலம் தரும் கனிமமான லாசுரைட்டின் துகளுக்கு மெழுகைவிடக் காரநீர்தான் சீக்கிரம் ஒட்டும். மற்றவை மெழுகை அவ்வளவு எளிதில் விடுவதில்லை.

மாஸ்டிக் விலையைப் பார்த்துவிட்டு வெள்ளைக் குங்கிலியம் போட்டேன். அது என் சொந்தப் புத்திசாலித்தனம். நூறு கிராம் பொடி, ஐம்பது கிராம் ரோஸின் (பைன் பிசின்தான்), இருபத்தைந்து குங்கிலியம், இருபத்தைந்து தேன்மெழுகு. உருண்டை கருங்கல் மாதிரி இறுகிவிட்டது. தினமும் வெந்நீரில் முக்கி இளக்கி, கையில் ஆளிவிதை எண்ணெய் தடவிக்கொண்டு பிசைந்தேன். நான்காம் நாள் வேப்பஞ்சாம்பல் ஊறவைத்து வடித்த நீரில் போட்டால் அரைமணி நேரம் பிசைந்தும் ஒன்றுமில்லை, நீர் டீ நிறத்தில் இருந்தது. நீரைக் கை பொறுக்கும் சூட்டுக்கு ஏற்றினேன். பத்து நிமிடத்தில் குச்சியைச் சுற்றி ஒரு நீலப் புகை இறங்கியது. வீட்டில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு பேர் வந்தார்கள்.

முதல் நீரில் வடிவதுதான் உயர்ந்த ரகம், போகப் போக மட்டம், கடைசியில் வருவது 'சாம்பல்' என்று பெயர் வைத்த வெளிறிய நீலம். எனக்கு முதல் வடியல் உலர்ந்த பிறகு 2.25 கிராம். நூறு கிராம் கல்லுக்கு! அன்னை மரியாளின் மேலாடைக்கு மட்டும் இதை ஒதுக்கி வைத்தது ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்க்கத் தேவையே இல்லை.

மூன்று நீலத்தையும் முட்டை வெள்ளைக்கருவில் குழைத்தேன். வெள்ளைக்கருவை நுரை பொங்க அடித்து ஓர் இரவு வைத்தால் அடியில் தெளிவான நீர் நிற்கும், அதுதான் பசை. நான்காவதாகக் கடையில் விற்கும் சலவை நீலப் பொடி. அதுவும் அல்ட்ராமரைன்தான், ஆனால் தொழிற்சாலையில் செய்தது. 1828இல் பிரான்சில் இதற்கு வழி கண்டார்கள். ஆகவே "பதினைந்தாம் நூற்றாண்டு" என்று விற்கப்படும் ஒரு தாளில் இது இருந்தால் வியாபாரியிடம் கேட்க வேண்டிய கேள்விகள் நிறைய.

தோலில் நான்கு கட்டம். உலர்ந்ததும் தங்கை வந்து பார்த்தாள். "எல்லாம் ஒரே நீலம்தானேண்ணா?" அவுரி கொஞ்சம் மங்கல், அசுரைட்டில் பச்சைச் சாயல் என்று விளக்கினேன். கட்டங்களை மாற்றி வைத்துக் கேட்டாள். நான் தப்பாகச் சொன்னேன்.

அருங்காட்சியகத்தில் முதலில் எடுப்பது எக்ஸ்கதிர் ஒளிர்வுக் கருவி. அது தனிமங்களைப் படிக்கும். செம்பு தெரிந்தால் அசுரைட் என்று கை காட்டலாம். ஆனால் லாபிஸில் இருக்கும் சோடியம், அலுமினியம், சிலிக்கான், கந்தகம் எல்லாம் இலேசான தனிமங்கள். கைக்கருவிக்குச் சரியாக எட்டாது. இண்டிகோவோ கரிமச் சாயம், அந்தக் கருவிக்கு அது இருப்பதே தெரியாது. செம்பு இல்லாத நீலம் என்றால் மற்ற இரண்டில் எது என்று கேள்வி அப்படியே நிற்கும். எப்படியும் அந்தக் கருவி என்னிடம் இல்லை. இருந்தது ஒரு பழைய வெப்கேம்.

வெப்கேமின் சென்சார் அகச்சிவப்பையும் பார்க்கும். லென்ஸுக்குப் பின்னால் ஒரு சின்னக் கண்ணாடிச் சில்லு அதைத் தடுத்துக்கொண்டிருக்கும். கத்தி முனையால் அதைப் பெயர்த்து எடுத்தேன். எடுத்ததும் ஃபோகஸ் நகர்ந்துவிடும். லென்ஸைத் திருகித் திருகித் திரும்பப் பிடிக்க வேண்டும். முன்பக்கம், கழுவிய கலர் நெகட்டிவ் சுருளின் கறுப்பு நுனி இரண்டு அடுக்கு. கண்ணுக்குத் தெரியும் ஒளியை அது அடைத்துக்கொண்டு அகச்சிவப்பை மட்டும் விடும்.

மேசை விளக்கைப் போட்டேன். படம் ஒரே இருட்டு. வயரை மாற்றினேன், லேப்டாப்பை மாற்றினேன், சென்சாரைக் கெடுத்துவிட்டேன் என்று இரவு பதினொரு மணிக்கு முடிவே கட்டிவிட்டேன். காலையில் ஜன்னல் பக்கம் வைத்தபோது படம் பளிச்சென்று வந்தது. அப்போதுதான் உறைத்தது: மேசை விளக்கு எல்இடி. அதில் அகச்சிவப்பே கிடையாது. பழைய ஹாலஜன் பல்பு ஒன்றைத் தேடிப் பிடித்து மாட்டினேன்.

படத்தில் அவுரிக் கட்டம் காணாமலே போயிருந்தது. வெறும் தோல் தெரிந்தது. லாபிஸும் சலவை நீலமும் வெளிர் சாம்பல். அசுரைட் மட்டும் கரியாக நின்றது. செம்பு அகச்சிவப்பின் அந்தப் பகுதியை விழுங்கிவிடுகிறது. மற்ற மூன்றும் விடுவிக்கின்றன. பக்கத்தில் மாசிக்காய் மையில் எழுதியிருந்த என் பெயரும் வெளிறிக்கிடந்தது, விளக்குக் கரியில் எழுதியது அப்படியே கறுப்பாக இருந்தது. கண்ணுக்கு இரண்டும் ஒரே மை. இதை எதிர்பார்த்துத்தான் எழுதினேன் என்றாலும் பார்க்கும்போது கொஞ்சம் மாயமாகத்தான் இருந்தது.

சரி, அசுரைட் பிரிந்துவிட்டது. லாபிஸும் அவுரியும்? தோல் எவ்வளவு வெளியே தெரிகிறது என்பதை வைத்துச் சொல்லலாம் என்று தோன்றும். ஆனால் பூச்சு தடித்தால் அது மாறிவிடும். எந்த நிற ஒளி எவ்வளவு திரும்பி வருகிறது என்று நிறமாலை பார்த்தே ஆக வேண்டும்.

டிவிடி தட்டில் மில்லிமீட்டருக்குச் சுமார் 1350 தடங்கள். வெள்ளிப் பூச்சை டேப் ஒட்டி உரித்துவிட்டால் நல்ல ஒளிப்பிரிப்பான். கறுப்பு அட்டைப்பெட்டி, ஒரு முனையில் இரண்டு பிளேடு சேர்த்த பிளவு, மறுமுனையில் டிவிடித் துண்டும் பழைய ஃபோனின் கேமராவும். அளவைச் சரிபார்க்க சுருள் சிஎஃப்எல் விளக்கு: அதன் 436, 546, 611 நானோமீட்டர் கோடுகள் எப்போதும் அதே இடத்தில்தான் நிற்கும். வெள்ளைக்கு ஒப்பீடு வேண்டுமே, குழாய்க்குச் சுற்றும் டெஃப்லான் டேப்பைப் பத்துச் சுற்று சுற்றி வைத்தேன். முதலில் ஏ4 தாளை வைத்து இரண்டு நாள் வீணானது. தாளில் இருக்கும் பளிச்சாக்கும் ரசாயனம் நீலப் பகுதியை உப்பிக் காட்டியது. ஒவ்வொரு கட்டத்தின் ஒளியையும் டெஃப்லான் ஒளியால் வகுக்கச் சின்னதாக ஒரு பைத்தான் நிரல்.

கேம்பிரிட்ஜ் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் 2012இல் தொடங்கிய, சுவடி ஓவியங்களை ஆராயும் மினியாரே திட்டத்தில் செய்ததும் இதே தத்துவம்தான். ஒளியிழை வழியாக ஒளியை விட்டு, திரும்பி வருவதை அளந்து, சுவடியைத் தொடாமலே நிறமியைப் படிக்கிறார்கள். அவர்களது கருவி அகச்சிவப்பில் வெகுதூரம் பார்க்கும். என்னுடையது 700இலேயே மூச்சு வாங்கும். ஆனாலும் கோடு வந்தது: லாபிஸ் 600ஐ ஒட்டி ஆழமாகப் பள்ளம் விழுந்து, பிறகு சிவப்பில் மேலே ஏறியது. அவுரியின் பள்ளம் 660 பக்கம். கரடுமுரடான கோடுதான், ஆனால் பத்துத் தடவை அளந்தாலும் பள்ளம் இடம் மாறவில்லை.

ஒரு கல்லூரி ஆய்வகத்தில் தெரிந்தவர் ஒருவர் இருந்ததால், தோல் துண்டுகளை ராமன் கருவியிலும் வைத்துப் பார்க்க ஒரு மதியம் கிடைத்தது. பச்சை லேசரில் லாபிஸ் உடனே பதில் சொன்னது: அலை எண் 548இல் உயரமான சிகரம், சரியாக இரட்டிப்பில் 1096இல் இன்னொன்று. நிறத்துக்குக் காரணமான, மூன்று கந்தக அணுக்கள் சேர்ந்த அயனியின் அதிர்வு அது. அவுரியில் தோலும் முட்டையும் ஒளிர்ந்து எல்லாவற்றையும் மூடிவிட்டன. சிவப்பு லேசருக்கு மாறிய பிறகுதான் 1570ஐ ஒட்டிய சிகரம் தலை தூக்கியது. அசுரைட்டில் கோடு மெலிதாக வந்ததால் "பவரைக் கொஞ்சம் கூட்டலாமே" என்று நான்தான் சொன்னேன். கூட்டினார். நுண்ணோக்கியில் நீலத்துக்கு நடுவே ஒரு கறுப்புப் புள்ளி. கார்பனேட் வெந்து செப்பு ஆக்சைடாகிவிட்டது. மயிரளவுப் புள்ளிதான், என் சொந்தத் தோல்தான். ஆனால் அது 1300 ஆண்டுப் பழைய ஏடாக இருந்திருந்தால்? மதியம் முழுக்க அதற்கப்புறம் நான் வாயைத் திறக்கவில்லை.

கடைசியாக ஒரு பரீட்சை. தங்கையிடம் நான்கு பொடியையும் தோலையும் கொடுத்து, எனக்குத் தெரியாமல் பன்னிரண்டு கட்டம் தீட்டி எண் போட்டுத் தரச் சொன்னேன். எப்படி வேண்டுமானாலும் தீட்டலாம் என்று சொல்லியிருந்தேன். அகச்சிவப்புப் படம், நிறமாலை, அவ்வளவுதான் எனக்கு அனுமதி.

பன்னிரண்டில் ஒன்பது சரி. தவறிய இரண்டு லாபிஸுக்கும் சலவை நீலத்துக்கும் இடையில் மாறியவை. அதில் எனக்கு வருத்தமில்லை. நிறத்தின் வேதியியல் ஒன்று, என் பெட்டி அதைப் பிரிக்காது. அறுபது மடங்கு உருப்பெருக்கியில் பார்த்ததும் பிரிந்தது: கல்லில் வந்த துகள்கள் உடைந்த கண்ணாடி போலக் கோணல்மாணலாக, இடையிடையே வெள்ளைச் சில்லுகளோடு இருந்தன, தொழிற்சாலைத் துகள்கள் நைஸாக, ஒரே சீராக. நுண்ணோக்கியைக் குறை சொல்லித் தொடங்கியவன் அதனிடமே போய் நின்றேன்.

மூன்றாவது தவறு ஏழாம் எண். அகச்சிவப்பில் கரி. அதனால் அசுரைட் என்று எழுதிவிட்டேன். நிறமாலையில் 600இல் ஒரு பள்ளம் இருந்தது. அளவெடுத்ததில் பிசகு என்று ஒதுக்கினேன். தங்கை விடைத்தாளைக் காட்டினாள்: கீழே அசுரைட், மேலே மெல்லிசாக லாபிஸ். கண்ணுக்குத் தெரியும் ஒளி மேல்பூச்சைப் பார்த்திருக்கிறது, அகச்சிவப்பு அதைத் துளைத்துக்கொண்டு அடியைப் பார்த்திருக்கிறது. இரண்டும் உண்மையைத்தான் சொன்னன. ஒரு கட்டத்தில் ஒரு நீலம்தான் இருக்கும் என்று நான் எடுத்துக்கொண்டதுதான் தப்பு. இடைக்கால ஓவியர்கள் செலவு மிச்சம் பிடிக்க இப்படி அடுக்கிப் பூசியதுண்டு என்று படித்திருந்தேன். படித்தது சமயத்துக்கு உதவவில்லை.

"இதை எங்கே பார்த்தே?" என்று கேட்டேன்.

"எங்கேயும் பார்க்கலை. உன் நீலம் ரெண்டு கிராம்தானே இருக்கு, முழுக்கப் பூசினா திட்டுவேன்னு மேலே மட்டும் தடவினேன்."

டப்பாவைத் திறந்து எடை போட்டேன். 1.9 கிராம் மீதி. அடுத்த வாரம் ஏழாம் எண் மாதிரியே பத்துக் கட்டம் தீட்டப் போகிறேன், மேல்பூச்சு ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்துக்கொண்டே போக. எந்தத் தடிமனில் அகச்சிவப்புக்கு அடி தெரியாமல் போகிறது என்று பார்க்க வேண்டும்.